சூளை ஆறட்டும்

ராஜாம்பாளுக்கு எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கும் பழக்கம். கல்யாண வீட்டில் காபி கொடுத்தால் குடிப்பதற்கு முன் கோப்பையை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள். 'டிங்' என்று நீளமாக ஒலித்தால் குடிப்பாள். 'டொக்' என்று அமுங்கினால், "இதுல விரிசல் இருக்குது, வேற குடுங்க" என்பாள். மற்றவர்கள் கண்ணுக்கு எந்த விரிசலும் தெரியாது. ஆனால் அடுத்த மாதமே அந்தக் கோப்பை பிளந்துவிட்டதாக அந்த வீட்டிலிருந்து செய்தி வரும்.

"பொண்ணு பார்க்கப் போனப்ப என்னையும் தட்டிப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னா" என்று அவள் புருஷன் திருமால் ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பான்.

"என்னா சத்தம் வந்துச்சு?"

"டொக்குனுதான் வந்துச்சு. பாவம்னு வச்சிக்கிட்டா."

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருடம் அவள் செய்தது ஒரே வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் விலாவில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் அது. அதைக் கத்தி முனையால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடு இருந்த சுவடே தெரியாமல் செய்ய வேண்டும். தன் கை பட்ட தடத்தைத் தானே அழிப்பதற்குப் பெயர் பினிஷிங். எத்தனை ஆயிரம் பிள்ளையார்கள், எத்தனை ஆயிரம் கிளிகள், எத்தனை ஆயிரம் விளக்குகள் அவள் விரல் வழியாகப் போயின! ஒவ்வொன்றின் அடியிலும் யார் யாருடைய முத்திரையோ இருந்தது. ஒன்றில்கூட அவள் ஊரின் பெயரும் இல்லை, அவள் பெயரும் இல்லை.

நாற்பத்தைந்து வயதில் ஒரு நாள் ஈரப் பஞ்சைத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள். "போதும்" என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பிப் பதினோரு பெண்கள் தங்கள் மேசைகளை விட்டு எழுந்து அவள் பின்னால் வந்தார்கள்.

தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் பூட்டிக் கிடந்த கொட்டகை ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. சின்னதாய் ஒரு கேஸ் சூளையும் இருந்தது. முதல் நாளே பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். ஒரு வருடம் பார்ப்பது. தை பிறப்பதற்குள் தங்கள் பெயரில் ஒரு ஆர்டராவது வரவேண்டும். வராவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு அவரவர் பழைய மேசைக்கே திரும்பிவிடுவது.

புரட்டாசி வந்துவிட்டது. ஒரு ஆர்டரும் வரவில்லை.

அப்போதுதான் அந்தக் கடிதம் தொழிற்பேட்டைக்கு வந்தது. மொரீசியஸ் தீவிலிருந்து ஒரு வணிகத் தூதுக்குழு தமிழ்நாட்டுக்கு வருகிறது. அங்கே கடலோரத்தில் ஒரு கோயில். திருவிழாவில் கடற்கரை நெடுக விளக்கேற்றுவது வழக்கம். ஆனால் கடற்காற்று ஒரு விளக்கையும் நிற்க விடுவதில்லை. காற்றில் அணையாத பீங்கான் விளக்கு வேண்டும். குழு நேரில் வந்து பார்க்கும். ஒரே ஒரு யூனிட்டைத் தேர்ந்தெடுக்கும். சுட்டு முடித்த மாதிரி விளக்கு கையில் இருப்பவர்களுக்கு மட்டுமே பட்டியலில் இடம்.

ராஜாம்பாள் அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தாள். அன்று மாலை கொட்டகையில் கரண்ட் போனது. அறுபது வயதைத் தாண்டிய பெரியம்மாள், அவர்களிலேயே மூத்தவள், ஒரு அகலை ஏற்றி வாசலிலிருந்து உள்ளே கொண்டு வந்தாள். ஒரு கையில் விளக்கு. மறு கை சுடருக்குப் பின்னால் குவிந்து காற்றை மறைத்தபடி வந்தது.

"அக்கா, அப்படியே நில்லு!"

"ஏண்டி, பாம்பா?"

"பாம்பு இல்ல. உன் கை. அந்தக் கையத்தான் செய்யப் போறோம்."

குவிந்த உள்ளங்கை போலப் பின்சுவர் எழும்பி, முன்பக்கம் மட்டும் திறந்த விளக்கு. அச்சு வெட்டினார்கள். சுடாத விளக்கில் மெழுகுவர்த்தித் துண்டை நட்டு, மேசை ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டார்கள். முதல் அச்சில் சுடர் அணைந்தது. இரண்டாவதிலும் அணைந்தது. மூன்றாவதில் சுடர் குனிந்தது, நடுங்கியது, மறுபடி நிமிர்ந்தது. பதினோரு பெண்களும் கைதட்டினார்கள். ராஜாம்பாள் தட்டவில்லை. "சுட்டு எடுத்தப்புறம் தட்டுவோம்" என்றாள்.

தூதுக்குழு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. ராஜாம்பாள் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலை சூளை பற்ற வேண்டும். அன்று மாலைக்குள் சூடு ஏறி முடியும். பிறகு ஒன்றரை நாள் ஆற வேண்டும். சூளையின் பக்கத்தில் இருக்கும் மீட்டர் நூறு டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கதவைத் தொடலாம். அதற்கு முன் திறந்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துவிடும். புதன் முழுக்க ஆறினால் வியாழன் விடியலில் திறக்கலாம். சரியாக இருக்கும்.

செவ்வாய் மாலை கேஸை மூடிவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. தொழிற்பேட்டை சங்கத்தின் செயலாளர் குருமூர்த்தி.

"ராஜாம்பா, புரோகிராம் மாறிப்போச்சும்மா. வியாழக்கிழமை அவங்களுக்குப் புதுச்சேரியில விழாவாம். நம்ம ஊருக்கு நாளைக்கே வராங்க. காலையில பதினோரு மணிக்கு."

அவள் மீட்டரைப் பார்த்தாள். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

"சார்... சூளை இப்பத்தான் சார் அணைஞ்சிருக்குது."

"அதெல்லாம் ஆறிடும்மா. ராத்திரி பூரா இருக்குதுல்ல?"

மனிதர்களின் நிகழ்ச்சி நிரலைப் போனில் மாற்றிவிடலாம். நெருப்பின் நிகழ்ச்சி நிரலை யார் மாற்றுவது?

புதன் காலை பத்து மணிக்குக் குருமூர்த்தி வந்தார். கையில் சிவப்பு ரிப்பன். ஒரு தட்டில் சந்தனம், கல்கண்டு, கத்தரிக்கோல். அவர் கெட்டவர் அல்ல. ஊருக்குப் பெருமை வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். அந்த ஆசையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"சூளைக் கதவுல ரிப்பன் கட்டறோம். குழுத் தலைவி மேடம் வெட்டறாங்க. நீ கதவத் தொறக்கற. விளக்கு எல்லாம் டிராலியோட வெளிய வருது. போட்டோ! எப்படி இருக்கும்?"

"மீட்டரப் பாருங்க சார்."

முந்நூற்றுப் பத்து.

"அடடா... கொஞ்சமா தொறந்து வச்சா சீக்கிரம் எறங்காதா?"

"எறங்கும் சார். விளக்கும் ஒடஞ்சு எறங்கும்."

குருமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "சரி, நான் ஒரு வழி சொல்றேன். பக்கத்து யூனிட்டுல அகல் விளக்கு அடுக்கி வச்சிருக்காங்க. ஒரு தட்டு வாங்கிட்டு வந்து உன் மேசையில வையி. உங்களுதுன்னு சொல்லிடலாம். நாளைக்கு உன் விளக்கு வந்ததும் மாத்திக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

ராஜாம்பாளின் முகம் சிவந்தது. "இருபத்திரண்டு வருசம் நான் செஞ்ச பொருளு அடுத்தவங்க பேருல போச்சு சார். இப்ப அடுத்தவங்க செஞ்சது என் பேருல போவணுமா? வேணாம்."

"அப்ப உன் பேர பட்டியல்லேருந்து வெட்டிடுவாங்கம்மா!"

"வெட்டட்டும். சூளை ஆறட்டும்."

குருமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் கொண்டு வந்த ரிப்பனை வீணாக்க மனமில்லாமல் கதவின் குறுக்கே கட்டினார். ஐந்தே நிமிடத்தில் அந்த ரிப்பன் சூட்டில் சுருண்டு மண்புழு மாதிரி தொங்கியது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

விருந்தாளிகள் உட்கார நாற்காலி இல்லை என்பது அப்போதுதான் ராஜாம்பாளுக்கு உறைத்தது. இரவல் வாங்கப் பக்கத்துக் கொட்டகைக்கு ஓடினாள்.

அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

இந்த வட்டாரத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வரும் நேரத்தில் வாசல் கதவைச் சாத்தி வைக்க மாட்டார்கள். நாய் புகுந்தாலும் சரி, மழைச்சாரல் அடித்தாலும் சரி, கதவு திறந்தே இருக்கும். சாத்திய கதவுக்கு முன்னால் ஒருவரை நிற்க வைப்பதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. பெரியம்மாளுக்கு அது ரத்தத்தில் ஊறிய வழக்கம். கடல் தாண்டி வருகிறார்கள். வந்து ஒரு இரும்புக் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா? அவள் மனம் பொறுக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வாசலில் கார் வருகிறதா என்று பார்த்து நின்றார்கள். ஈரச் சாக்கைக் கையில் சுற்றினாள். சூளைக் கதவின் பூட்டுச் சக்கரத்தைத் திருப்பினாள். ஒரே ஒரு சாண். அவ்வளவுதான் திறந்தாள்.

இரண்டு நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தூக்கி வந்துகொண்டிருந்த ராஜாம்பாளின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது.

டிக்.

டிக்... டிக்.

எத்தனை வருடமானால் என்ன, பீங்கான் விரியும் அந்தச் சத்தத்தை அவள் மறப்பாளா? நாற்காலிகளைப் போட்டுவிட்டு ஓடினாள். வெறுங்கையால் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பி மூடினாள். உள்ளங்கை தீய்ந்தது. வலி தெரியவில்லை. கதவில் காதை வைக்க முடியாத சூடு. ஒரு முழம் தள்ளி நின்று கேட்டாள். டிக். இன்னும் ஒன்று. பிறகு அமைதி.

"என்னா அக்கா பண்ணிட்ட!"

பெரியம்மாள் கையில் சுற்றிய சாக்கோடு நின்றாள். "ஒரு சாணுதான்டி தொறந்தேன்... வூட்டுக்கு வரவங்கள சாத்துன கதவுக்கு முன்னால நிக்க வைக்கறதாடி? மனசு கேக்கல..."

ராஜாம்பாள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. அதற்குள் வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

குழுவின் தலைவி திருமதி வீராசாமி. ஐம்பது வயது இருக்கும். கருத்த நிறம், நரைத்த கிராப்புத் தலை, கைத்தறிப் புடவை. நெற்றியில் பொட்டும் வாயில் பிரெஞ்சும் இருந்தன. "வணக்கம்" என்றார். அதற்கு மேல் தமிழில் ஓரிரண்டு சொல்தான் அவருக்கு வந்தது. மற்றதையெல்லாம் இளமதி என்ற புதுச்சேரிப் பெண் மொழிபெயர்த்தாள். கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பவளாம்.

கத்தரிக்கோல் தட்டு முன்னால் நீண்டது. சுருண்ட ரிப்பனைப் பார்த்து மேடம் புருவத்தை உயர்த்தினார்.

ராஜாம்பாள் சூளைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். எரிந்த உள்ளங்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கணும். இன்னிக்கு இந்தக் கதவத் தொறக்க மாட்டேன்."

குருமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு, "யம்மா, மானத்த வாங்காத..." என்று முணுமுணுத்தார்.

"உள்ள விளக்கு இன்னும் ஆறல. தொறந்தா ஒடஞ்சிடும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆறும். அப்பத்தான் தொறப்பேன்."

இளமதி சொன்னதைக் கேட்டு மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ சொன்னார். இளமதி தயங்கினாள். "நாளைக்கு நாங்க இங்க இருக்க மாட்டோம்னு சொல்றாங்க. மாதிரி இல்லன்னா பட்டியல்ல வைக்க முடியாதாம்."

"நாளைக்கு எங்க இருப்பீங்க?"

யாரும் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கூட வந்த அதிகாரி ஒருவர் முகம் சுளித்தார். மேடமே பதில் சொன்னார், தமிழில், ஒவ்வொரு சொல்லாக. "புதுச்சேரி. கடல். பதினொரு மணி வரை."

"சரிங்கம்மா."

கார்கள் கிளம்பிப் போயின. அடுத்த வரிசைக் கொட்டகைகளில் மாதிரிகள் தயாராக அடுக்கியிருந்தன. மேடம் நான்கைந்து விளக்குகளை எடுத்துக்கொண்டு போனதாக மதியம் செய்தி வந்தது. பெண்கள் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் இறங்கவில்லை.

"அவ்வளவுதான். நான் பழைய முதலாளிகிட்டயே கேட்டுப் பார்க்கறேன்" என்றாள் ஒருத்தி.

"நானும்தான்" என்றாள் இன்னொருத்தி. பெரியம்மாள் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ராஜாம்பாள் எழுந்தாள். "நாளைக்கு ஆறு மணி வரைக்கும் ஒருத்தரும் எங்கயும் போவல. தை மாசம் வரைக்கும்னுதான் பேச்சு. புரட்டாசியே இன்னும் முடியல."

சாயங்காலம் அவள் கைக்கு மருந்து போட்ட திருமாலுக்குக் கோபமான கோபம். "கெழவி பண்ணுன வேலைக்கு நீ கையச் சுட்டுக்கிட்டு வந்திருக்கியே!"

"கெழவின்னு சொல்லாதீங்க. அது நெஞ்சு சுட்டுக்கிட்டு ஒக்காந்திருக்குது. என் கை நாலு நாள்ல ஆறிடும்."

வியாழன் காலை ஆறு மணி. மீட்டரில் தொண்ணூற்றிரண்டு. ராஜாம்பாள் சக்கரத்தைத் திருப்பினாள்.

முன் அடுக்குகளைப் பார்த்ததும் பெண்களிடமிருந்து ஒரு விம்மல் எழுந்தது. குறுக்கே பிளந்தவை, மயிரிழை விரிசல் ஓடியவை, பின்சுவர் கழன்று விழுந்தவை. ஆனால் காற்று பின் அடுக்கு வரை போயிருக்கவில்லை. அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் முட்டியால் தட்டினாள். டொக். டொக். டிங். ஒரு கணம் நிறுத்தி மறுபடி தட்டினாள். டிங்! கடைசியில் பதினொரு விளக்குகள் முழுசாக நின்றன. பால்வெள்ளை நிறம். ஒவ்வொன்றும் ஒரு குவிந்த கை.

அட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பதினொன்றையும் வைத்தாள். பன்னிரண்டாவதாக ஒன்றை எடுத்தாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடிய விளக்கு.

"ஒடஞ்சது எதுக்குடி?" என்றாள் பெரியம்மாள்.

"அதுதான் அக்கா முக்கியம்."

"நானும் வரேன். வேணாம்னு சொன்னா பஸ்ஸு முன்னால படுத்துடுவேன்."

திருமால் இருவரையும் பேருந்து நிலையத்தில் இறக்கினான். "ஆட்டோவுலயே புதுச்சேரிக்குப் போயிடலாமே?"

"உங்க ஆட்டோ நெய்வேலி தாண்டறதுக்குள்ள அவங்க மொரீசியஸ் போயி ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பாங்க."

நெய்வேலி, வடலூர், கடலூர். மூன்று மணி நேரமும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருக்கையிலிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ராஜாம்பாள். கண்டக்டர் பார்த்தான். "என்னாக்கா, கைக்குழந்தையா?"

"பதினொண்ணு இருக்குதுப்பா. சத்தம் போடாத, தூங்குது."

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் விழா நடந்த கட்டடத்துக்குள் அவர்களை விடவில்லை. அழைப்பிதழ் கேட்டார்கள். "விளக்கு கொண்டு வந்திருக்கோம்" என்றாள். "போய் அந்தப் பக்கம் நில்லும்மா" என்றார் காவலர்.

அந்தப் பக்கம் கடல் இருந்தது. கரையோரம் கருங்கல் சுவர். அதற்கு மேல் கடற்காற்று, புடவையைக் கொடி மாதிரி படபடக்க வைத்தது. ராஜாம்பாள் சிரித்தாள். இதைவிட நல்ல இடம் எது?

மணி பதினொன்று அடிக்கப் போகும் நேரம், விழா முடிந்து கட்டடத்துப் படிகளில் ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள். ராஜாம்பாள் கல்சுவரில் ஒரு விளக்கை வைத்து எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். குச்சி கிழித்தாள். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. சுட்ட கையில் குச்சி நிற்கவில்லை. படிகளில் நரைத்த கிராப்புத் தலை தெரிந்தது. கார்க்கதவு திறந்தாயிற்று.

"குடுடி இங்க" என்று தீப்பெட்டியைப் பிடுங்கினாள் பெரியம்மாள். முழங்காலிட்டாள். தன் இரண்டு கைகளையும் கூடாரமாகக் குவித்தாள். உள்ளே குச்சி சீறியது. திரி பற்றியது.

"கைய எடு அக்கா."

"அணைஞ்சிடும்டி..."

"எடு."

பெரியம்மாள் கைகளை எடுத்தாள். காற்று பாய்ந்தது. சுடர் குப்புற விழுந்தது. இல்லாமலே போய்விட்டதென்று நினைத்த கணத்தில், பீங்கான் கையின் நிழலுக்குள் ஒரு நீல முனை துடித்தது. எழுந்தது. நின்றது! வரிசையாக இன்னும் நான்கு விளக்குகளை அவர்கள் ஏற்றினார்கள். கடலுக்கு முதுகு காட்டி, ஐந்து குவிந்த கைகளுக்குள் ஐந்து சுடர்கள்.

சாலையின் அந்தப் பக்கம் காரில் ஏறத் தூக்கிய காலை மேடம் கீழே வைத்தார். அதிகாரி ஏதோ சொன்னார். கேட்காமல் சாலையைக் கடந்து வந்தார். பின்னாலேயே இளமதி ஓடி வந்தாள்.

மேடம் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தே விட்டார். தன் கையைக் காற்றுக்குக் குறுக்கே நீட்டிப் பார்த்தார். சுடரைப் பார்த்தார். பிறகு இளமதி மூலம் கேட்டார்: "இது நேற்று கதவுக்குப் பின்னால் இருந்ததா?"

"ஆமாங்கம்மா."

ராஜாம்பாள் பெட்டியிலிருந்து இரண்டு விளக்குகளை எடுத்தாள். ஒன்றை முட்டியால் தட்டினாள். டிங். கடற்காற்றிலும் அந்த ஒலி நீண்டது. இன்னொன்றைத் தட்டினாள். டொக்.

"பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். இது ஆறுனது. அது ஆறறதுக்கு முன்னால கதவு தொறந்தப்ப விரிஞ்சது. எண்ணெய் ஊத்துனா கசியும். நேத்தே முழுசா தொறந்திருந்தா எல்லாமே இப்படித்தான் ஆயிருக்கும். அதான் தொறக்கல."

"யார் திறந்தார்கள்?"

"எங்க யூனிட்டு. தப்பு எங்களுது" என்றாள் ராஜாம்பாள், பெரியம்மாள் பக்கம் திரும்பாமல்.

"நான்தாம்மா தொறந்தேன்!" பெரியம்மாள் உடைந்துபோனாள். "இவ மேல தப்பு இல்ல. நீங்க அம்மாந்தூரத்துலேருந்து வரீங்க... வந்தவங்கள சாத்துன கதவுக்கு முன்னால நிக்க வைக்க எனக்கு மனசு வல்ல. ஒரு சாணுதான் தொறந்தேன்..."

இளமதி அதை மொழிபெயர்த்தாள். மேடம் பெரியம்மாளை உற்றுப் பார்த்தார். கண்கள் பளபளத்தன. பிறகு பிரெஞ்சில் வேகமாகப் பேசினார்.

"அவங்க வூட்டுலயும் அப்படித்தானாம்" என்றாள் இளமதி. "விருந்தாளி வர அன்னைக்குக் கதவச் சாத்தவே மாட்டாங்களாம். ஏன்னு யாருக்கும் தெரியாதாம். அது அந்தத் தீவு வழக்கம்னே இத்தனை நாள் நெனச்சிட்டு இருந்தாங்களாம்."

மேடம் பெரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. குழுவில் பேச வேண்டும் என்றார். முழு விளக்கு ஒன்றையும் விரிசல் விட்டது ஒன்றையும் கைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

பிறகு வந்த நாட்கள் கொடுமையானவை. ஐப்பசி போயிற்று. கார்த்திகையில் இரண்டு பெண்கள் வேறு வேலைக்கு விண்ணப்பித்தார்கள். ராஜாம்பாள் தடுக்கவில்லை. ஆனால் தினமும் கொட்டகையைத் திறந்தாள், அச்சுகளைத் துடைத்தாள், விளக்கை இன்னும் மெல்லியதாக, இன்னும் உறுதியாக வார்த்துப் பார்த்தாள். "தை வரைக்கும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

மார்கழி பாதியில் குருமூர்த்தி கொட்டகைக்கு ஓடி வந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"ராஜாம்பா! உங்களுக்குத்தான்! உங்க விளக்குத்தான்!"

கடிதத்தை இளமதிதான் தமிழில் எழுதி அனுப்பியிருந்தாள். ஐயாயிரம் விளக்குகள். கீழே ஒரு நிபந்தனை: எந்த விளக்கும் அவசரமாக அனுப்பப்படக் கூடாது. உடைந்த விளக்கை ஒளித்து வைக்காமல் எங்களிடம் காட்டியது நீங்கள் மட்டும்தான் என்றும் இருந்தது. ராஜாம்பாள் அதைப் படித்துவிட்டு, அன்றைக்குத் தட்டாத கையை அப்போதுதான் தட்டினாள். இரண்டே தட்டு. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு விளக்கின் அடியிலும் 'விருத்தாசலம்' என்ற முத்திரை பதிந்தது. அந்த எழுத்துகளை மட்டும் பஞ்சால் துடைக்காமல் பார்த்துக்கொண்டாள். மாசி கடைசியில் பெட்டிகள் துறைமுகத்துக்குக் கிளம்பின.

அடுத்த புரட்டாசியில் தூதுக்குழு மறுபடி வந்தது. வருவதற்கு ஒரு மாதம் முன்பே மேடத்திடமிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது: "உங்கள் சூளை எந்த நாளில் ஆறும்? அதை வைத்து எங்கள் பயணத்தை அமைத்துக்கொள்கிறோம்." அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் விருத்தாசலத்துக்கு நேரே இப்படி ஒரு வரி இருந்தது: சூளை ஆறும்வரை காத்திருத்தல்.

சாத்திய சூளைக் கதவுக்கு முன்னால் மாவிலைத் தோரணம் கட்டி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள் பெரியம்மாள். கதவு திறந்திருக்காவிட்டால் என்ன, நாற்காலி இருக்கிறதே! அதுதான் அவள் கண்டுபிடித்த சமாதானம். இளமதி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மேடம் தன் ஊர்க் கடற்கரையின் படத்தைப் போனில் காட்டினார். இருட்டில் வளைந்து போகும் சுடர் வரிசை. ராஜாம்பாள் படத்தை விரலால் பெரிதாக்கி, விளக்குகளின் பின்சுவர் நேராக நிற்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

குருமூர்த்தி கத்தரிக்கோலோடு நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். "ஆயிடுச்சாம்மா?"

"ஒக்காருங்க சார். டீ குடிங்க."

அவர்கள் செய்த வெள்ளைக் கோப்பைகளில் டீ வந்தது. மேடம் ஒன்றை எடுத்தார். வாய்க்குக் கொண்டு போகாமல் நிறுத்தி, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

டிங்.

திருப்தியாகக் குடித்துவிட்டு, மீட்டரைக் காட்டி, "போதுமா?" என்றார் தமிழில்.

ராஜாம்பாள் எட்டிப் பார்த்தாள். நூற்று மூன்று.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்மா" என்றாள். "அக்கா, அவங்களுக்கு இன்னொரு டீ ஊத்து."